ஊர்க்கார வாத்தியார்

"ஏலே சுருளி, புது வாத்தியாரு எந்த ஊருன்னு தெரியுமா? கெங்குவார்பட்டியாம்! ஒன் ஊருதாண்டா! ஹெட்மாஸ்டரே சொன்னாக!"

பெஞ்சுத் தோழன் ஒச்சாண்டி சந்தோஷம் தாங்காமல் முதுகில் ஓங்கி அறைந்தான். சுருளியாண்டி பயந்துபோய் வாசலைப் பார்த்தான்.

இத்தனைக்கும் பயல் லேசுப்பட்டவன் இல்லை. பதினாலு வயதுதான். போன மாசம் பெரியகுளம் கடைவீதியில் மிரண்டோடிய வண்டிமாட்டின் முன்னால் பாய்ந்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். வண்டிக்குள் இருந்த ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் மூன்று பேர் பிழைத்தார்கள். அன்றிலிருந்து அவன் இடுப்புத் தாயத்தில் பத்து யானைப் பலம் இருக்கிறது, நினைத்தால் பறப்பான் என்று பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பேச்சு.

அந்தப் பலசாலிதான் ரெண்டு வருஷமாக ஒரு விஷயத்தை நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தான். கெங்குவார்பட்டியில் அவன் வீடு இருந்தது சேரியில்.

இந்தப் பெரியகுளம் பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்க்க வந்தவர் தாய்மாமன் சீனிச்சாமி. சேரிப் பிள்ளைகளுக்கு வகுப்பின் கடைசியில் சாக்குதான், பெஞ்சு கிடையாது. தண்ணீர்ப் பானையை அவர்கள் தொடக்கூடாது. குனிந்து கை குவித்தால் பியூன் உயரத்திலிருந்து ஊற்றுவான். மாமன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தகப்பன் பேரு என்னய்யா? சீக்கிரம் சொல்லும்!" என்று குமாஸ்தா அதட்டினார்.

மாமன் வாய்க்கு வந்த பெரிய பெயரைச் சொல்லிவிட்டார். "பண்ணையாரு முத்துக்கருப்பன். மேலத்தெரு." அது அவர் மாடு மேய்த்த வீட்டு எசமானின் பெயர். பாவம், அவருக்குத் தெரிந்த மேலத்தெருப் பெயர் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து சுருளியாண்டி பண்ணையார் மகன். எல்லோரோடும் பெஞ்சு, எல்லோரும் மொள்ளும் பானை. தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். தோல் போனால் போகட்டும். ஊரில் பண்ணையார் காட்டில் களையெடுக்கும் ஆத்தா இருளம்மாளைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினாலும் கேட்க நாதியில்லை.

"அவரு சின்னப் பிள்ளையிலயே மதுரைக்குப் போயிட்டாராம்லே," என்றான் ஒச்சாண்டி.

போனால் என்ன? பண்ணையார் வீட்டில் யார் யார் என்று ஊர்க்காரருக்குத் தெரியாமலா போகும்?

புது வாத்தியார் செல்லப்பாண்டி உள்ளே வந்தார். மூடுகோட்டு, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், கையில் பிரம்பு. வெயிலில் வந்தவருக்குப் பியூன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். வாத்தியார் சட்டென்று குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

பியூன் புரியாமல் விழித்தான்.

"மொகம் கழுவணும்ப்பா, ஊத்து," என்றார் வாத்தியார். கழுவிக்கொண்டு, அப்புறம் சொம்பை வாங்கிக் குடித்தார்.

பிறகு பதிவேட்டைத் திறந்து பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார்.

"சுருளியாண்டி... தகப்பனார் முத்துக்கருப்பன், பண்ணையார்... கெங்குவார்பட்டி..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஆஜர் சார்," என்று சுருளியாண்டி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மேலத்தெரு முத்துக்கருப்பன் மகனா?"

"ஆ... ஆமா சார்."

"நெசமாவா?"

"ஆமா சார்."

"மணி அடிச்சதும் போயிராத. இங்கனயே இரு."

அதற்குப் பிறகு நடந்த பாடம் எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வாத்தியாரும் கரும்பலகையில் ஒரே கணக்கைத் தப்புத் தப்பாக மூன்று தடவை எழுதி அழித்தார். நடுநடுவே திரும்பி இவனையே பார்த்தார். அட, பார்க்கிற பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்!

"ஊர்க்காரருடா! மார்க்கை அள்ளிப் போடப் போறாரு பாரு," என்று ஒச்சாண்டி காதைக் கடித்தான்.

ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடலாமா என்று பார்த்தான் சுருளியாண்டி. ஓடி எங்கே போவது? இவன் ஓடினால் ஆத்தாவை அல்லவா பிடிப்பார்கள்!

மணி அடித்தது. பையன்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒச்சாண்டியும் போய்விட்டான்.

வாத்தியார் பிரம்போடு வாசலுக்குப் போனார். தாழ்வாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

சுருளியாண்டி முடிவு செய்துவிட்டான். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஊருக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கெஞ்சுவது. வேறு வழி தெரியவில்லை.

"சார்..." என்று அழுகையோடு வாயைத் திறந்தான்.

வாத்தியாரின் கையிலிருந்து பிரம்பு நழுவி விழுந்தது. தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை அவசர அவசரமாக எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையன் முன்னால் கைகூப்பினார்.

"சின்னய்யா... சேரிப் பய ஒருத்தன் இங்கன வாத்தியாரா இருக்கான்னு பெரியய்யாகிட்டச் சொல்லிப்புடாதீக!"