பத்தாம் நம்பர் செருப்பு

"ஏன்டி தில்லை, உன் வீட்டு வாசல்ல இன்னா நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் கையை நீட்டினாள். தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். வாடகைக்கு விட்டிருந்த முன்னறையின் படியில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு.

"பத்து நாளா பாத்துக்கினு இருக்கேன். காலையில அந்தப் பொண்ணு கதவைத் திறந்ததும் செருப்பு வந்துடுது. சாயந்திரம் பூட்டுறப்ப காணாமப் போவுது. ஆளு மட்டும் கண்ணுல படவே இல்ல. ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா?"

முன்னறையை எடுத்திருந்தவர் சென்னை வியாபாரி. ஃபோனிலேயே ஆர்டர் பிடித்துப் பட்டுப்புடவை விற்பவர். மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் பெரிய விஷயம். புடவையை மடித்துப் பெட்டி கட்டிக் கூரியருக்குக் கொடுப்பதெல்லாம் பிரவீனா. ஓரிக்கையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். இருபது வயசுகூட நிரம்பவில்லை. பகல் முழுக்க ஒண்டியாகத்தான் இருக்கிறாள் என்று தில்லையம்மாள் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

புருஷனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. குமாரவேல் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். தில்லையம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு தானே கிளம்பினாள். இன்றைக்கே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட வேண்டியதுதான். வேலை போனால் தானாகப் புத்தி வரும்.

கதவைத் தட்டினாள்.

உள்ளே ஓர் ஆள் கனமாகத் தொண்டையைச் செருமினான்.

"திறடி கதவை!"

பிரவீனா திறந்தாள். தில்லையம்மாள் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பீரோவின் சந்து, அட்டைப்பெட்டி அடுக்கின் பின்பக்கம், மேசைக்கு அடியில், ஒரு இடம் விடவில்லை. ஈ, காக்கை இல்லை.

"எங்கடி அவன்?"

"யாருக்கா?"

"இப்ப செருமினானே, அவன்!"

பிரவீனா தயங்கித் தயங்கிக் கையிலிருந்த ஃபோனை அமுக்கினாள். ஃபோன் கனமாகச் செருமியது.

"எங்கப்பா செருமல்க்கா. ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன். யாராச்சும் தட்டினா மொதல்ல இதப் போட்டுட்டுத்தான் திறப்பேன்."

"அந்தச் செருப்பு?"

"நான்தான் வாங்கினேன். பத்தாம் நம்பர். கடையில இருந்ததுலயே பெருசு அதான்."

தில்லையம்மாள் முழித்தாள்.

"போன மாசம் ஒருத்தன் புடவை பாக்கணும்னு வந்தான்க்கா. புடவையவே பாக்கல. 'தனியாவா இருக்க?'ன்னு கேட்டான். மறுநாளும் வந்து கதவாண்டயே நின்னுக்கினு இருந்தான். ஓனருக்கு ஃபோன் பண்ணேன். 'துணைக்கு ஆள் போட்டா கட்டுப்படி ஆகாதும்மா, நீயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னுட்டாரு. இந்தச் செருப்பை விட்டப்புறம் படி வரைக்கும் வந்தான். பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்."

"செவுத்துக்கு அந்தாண்ட நான் இருக்கேன். என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா, எதுக்கு வம்புன்னு ரூமையே காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம்க்கா."

தில்லையம்மாளுக்குச் சுருக்கென்றது. வாய் வரை வந்திருந்ததை அப்படியே விழுங்கினாள். தனியாக இருந்தால் ஆபத்து. துணைக்கு ஆம்பளை இருப்பதாகக் காட்டினால் கெட்ட பெயர். பாவம், இந்தப் பெண் எந்தப் பக்கம்தான் போவாள்?

முன்னறைக்கும் தறி இருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. வாடகைக்கு விட்ட நாளிலிருந்து தாழ்ப்பாள் போட்டே கிடந்தது. தில்லையம்மாள் அட்டைப்பெட்டிகளை நகர்த்திவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு முனகிக்கொண்டே திறந்தது. குமாரவேலின் தறிச் சத்தம் அறைக்குள் வந்தது.

"இத்த இனிமே சாத்தாத. எவனாச்சும் வந்து நின்னா ஒரு குரல் குடு, போதும். உங்க ஓனராண்ட நான் பேசிக்கிறேன்."

பிரவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"செருப்பை எடுத்துடட்டுமாக்கா? தெருவுல பேசுறாங்களாம்."

"கிடக்கட்டும். அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்தாள். காமாட்சியம்மாள் இடத்தை விட்டு நகரவே இல்லை.

"ஆளு யாருடி? சிக்கினானா?"

"ஆளுமில்ல, பேயுமில்ல. அது எங்க வீட்டுக்காரர் செருப்பு. காலையில அங்க கழட்டி விடுறாரு. சாயந்திரம் போட்டுக்கினு கோயிலுக்குப் போறாரு."

"யாராண்ட கதை விடுற? குமாரவேல் அண்ணன் காலு இத்தினூண்டு! ஏழாம் நம்பரே தொளதொளன்னு இருக்கும். இது பரிசல் கணக்கா இருக்குது!"

தில்லையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அது சரி, எங்க வீட்டுக்காரர் காலை நீ எதுக்குடி அளந்து வெச்சிருக்க?"