சிங்கத்தின் சிவப்பு மீசை

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணிக்குத் தங்கை மகளுக்குக் கதைப்புத்தகம் வாசிக்க அமர்ந்தேன். வழக்கம்போல் நான்கே பக்கங்கள் வாசித்து நிறுத்துவதாக எண்ணம். அச்சுப்பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்தியபடி வாசித்தேன்.

"இப்படி வேணாம் பெரியம்மா. நேத்து மாதிரி சிங்கமா கத்துங்க."

"நேத்து நான் தலைவலின்னு படுத்துட்டேனே."

"வந்தீங்களே. கட்டில்ல ஏறிக் குதிச்சீங்க. முழுசாப் படிச்சீங்க. எனக்கு அந்தப் பெரியம்மாதான் வேணும்."

தலைவலி பொய். வாசிக்கச் சலிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். சிங்கத்துக்குச் சிவப்புப் பென்சிலால் மீசை வரையப்பட்டிருந்தது. அந்தப் பென்சிலை நான் பெட்டியில் பூட்டி வைப்பவள்; சாவி என்னிடம் மட்டுமே. என்னைவிட நல்ல பெரியம்மாவாக இன்னொரு நான் வந்துபோயிருக்கிறாள் என்று கூனிக் குறுகிப் போனேன்.

புதன்கிழமை முதல், எட்டு மணிக்குப் பென்சிலை அந்தப் பெரியம்மாவுக்காக அவள் கட்டிலருகே வைத்துவிட்டு என் அறைக்குத் திரும்பிவிடுவதென்று முடிவு செய்தேன். புதன் இரவு, சுவருக்கு அப்பால் என் குரல் கர்ஜித்தது, அவள் சிரித்தாள்.