பாகற்கொடி பிடித்த துணை

பாகற்கொடிக்குத் தரையில் கிடக்கப் பயமாக இருந்தது. ஆடு வந்தால் ஒரே கடிதான். விதை போட்டு வளர்த்த சாராள், “பொறு கண்ணு, பந்தல் போட்டு ஏத்திவிடுறேன்” என்று சொல்லியிருந்தாள். பந்தலைத்தான் இன்னும் காணோம்.

வேலிக்கு அப்பால், பக்கத்துத் தோட்டத்தில் சோளத்தட்டை ஒன்று ஆளுயரம் நின்றது.

“அண்ணே, என்னைத் தாங்குவீங்களா?”

“என்ன தங்கச்சி, இப்படிக் கேட்டுட்டே? உயிரே போனாலும் விடமாட்டேன்.”

கொடி வேலியைத் தாண்டிப் போய் அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டது. அப்புறம்தான் அதற்கு நிம்மதி வந்தது.

மறுவாரம் பக்கத்துத் தோட்டக்காரர் சோளம் அறுத்தார். அரிவாள் தட்டையோடு கொடியையும் சேர்த்து அறுத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் சாராள் மூங்கிலும் கயிறுமாக வந்து நின்றாள்.

மாட்டுக்குப் போகிற கட்டுக்குள்ளிருந்து கொடி அலறியது. “அண்ணே, விடமாட்டேன்னு சொன்னீங்களே!”

“நான் எங்கே விட்டேன்? சேர்ந்துதானே போறோம்.”