நடந்த கதை

"கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க அக்கா. மிச்சத்தை நானே எழுதிக்கிறேன்," என்றார் பதிப்பாளர்.

"எனக்கே தெரியாது தம்பி. கடைசி அத்தியாயத்துக்கு வந்தாதான் எனக்கும் தெரியும். இனிமே அந்தப் பக்கம் வரப்போறதில்லை," என்றார் எழுத்தாளர் அம்மா.

மாதம் ஒரு கொலை என்று பல வருடங்களாகச் செய்துவந்தவர் அவர். எல்லாம் காகிதத்தில்தான். எழுதி முடித்த தாளை அப்படியே கொடுத்துவிடுவார். திரும்பிப் படிக்கும் வழக்கமே கிடையாது. அதனால் மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவன் ஏழாம் அத்தியாயத்தில் வந்து சாவகாசமாக டீ குடிப்பான். பதிப்பாளர்தான் அவனை மறுபடி சாகடித்து அச்சுக்கு அனுப்புவார்.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார். "இத்தனை காலம் பொய்யை எழுதிப் பிழைத்தேன். இனி பேனாவைத் தொட மாட்டேன்." சபையே கைதட்டியது. செய்தி கேட்ட பதிப்பாளர் அவர் வீட்டுக்கு ஓடிவந்திருந்தார். அச்சகத்தில் பாதி நாவல் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியில் பிணம் மிதக்கிறது. சந்தேகப்பட நாலு பேர் இருக்கிறார்கள், பிடிக்க ஆளில்லை. இந்த அம்மா நிறுத்தினால் பதிப்பாளர் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஆண்டவரே கதை சொன்னவர்தானே அக்கா?"

"அவர் சொன்ன கதையில தொட்டியில பிணம் மிதந்துச்சா?"

"மிதந்திருந்தா இன்னும் கூட்டம் வந்திருக்கும்."

சிரிப்பு வந்ததை அம்மா அடக்கிக்கொண்டார். "பேசாதீங்க. பிறந்ததிலேர்ந்து சபைக்குப் போறேன். பிரசங்கம் நடக்கறப்போ அடுத்த மாசம் யாரைக் கொல்லலாம்னு கண்ணை மூடி யோசிப்பேன். பக்கத்துல இருக்கறவங்க ஜெபம் பண்றேன்னு நினைச்சுப்பாங்க. எவ்வளவு பெரிய பாவம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் போதகர் வந்து நின்றார். போச்சுடா என்று பதிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

போதகர் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் கையில் வாங்கினார். குடிக்காமலே, "நீங்க எழுதறதை நிறுத்த வேண்டாம்மா," என்றார்.

பதிப்பாளருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. எழுத்தாளர் அம்மாவுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"ஐயா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"ஆண்டவர் கொடுத்த தாலந்தை, இந்தத் திறமையைப் புதைக்கக் கூடாதும்மா. அதான்."

"உங்க பிரசங்கம்தானே என்னை மாத்துச்சு. அந்தத் திருடன் கதை. நடந்த கதைக்கு முன்னாடி என் கட்டுக்கதை எந்த மூலைக்கு?"

"எந்தத் திருடன்?" என்றார் பதிப்பாளர்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு," என்றார் போதகர் அவசரமாக.

அம்மா விடவில்லை. "ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒருத்தி பையை வச்சிட்டுத் தூங்கிடறா. இவன் தூக்கிட்டு ஓடறான். திறந்து பார்த்தா குழந்தைக்கு மருந்து. மனசு கேக்கலை, திரும்பி ஓடறான். அவ என்னடான்னா, தொலைஞ்சதை யாரோ நல்லவன் கண்டுபிடிச்சுக் கொண்டாந்தான்னு கையெடுத்துக் கும்பிடறா. திருடினவன் நான்தான்னு சொல்ல வாய் வரலை. மறுநாளும் குழந்தையைப் பார்க்கப் போறான், அதுக்கடுத்த நாளும் போறான். அவ நம்பினதைக் காப்பாத்தணும்னே நல்லவனா நடந்து நடந்து, ஒருநாள் நல்லவனாவே ஆயிடறான். இப்ப அவர் சபையில ஊழியம் செய்யறாராம். ஐயா நேர்ல பழகியிருக்கார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு என் நெஞ்சு உடைஞ்சுபோச்சு தம்பி. இத்தனை எழுதினேனே, இப்படி ஒரு மனுஷனை என்னால படைக்க முடிஞ்சுதா?"

போதகர் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிப்பாளர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பை பச்சைக் கலர்தானே அக்கா?"

"ஆமா. கைப்பிடி அறுந்து ஊக்கு போட்டிருக்கும். நீங்களும் அன்னைக்கு சபைக்கு வந்திருந்தீங்களா?"

"இல்லக்கா. அட்டைப்படத்துக்காக அந்தப் பையைத் தேடித் தெருத்தெருவா அலைஞ்சவன் நான். அது நீங்க எப்பவோ எழுதி மறந்த நாவல். கொலையே இல்லாம எழுதின ஒரே நாவல். அதனால விக்கவே இல்லை. நாவல் கடைசியில அவன் ஊழியத்துக்குப் போகலை, ஐயா சேர்த்த அது ஒண்ணுதான் புதுசு."

அம்மா போதகரைப் பார்த்தார்; அவர் இன்னும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அது நடக்கவே இல்லையா?" என்றார் அம்மா.

"உங்களுக்கு நடந்திருக்கே அக்கா."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பதிப்பாளரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மேஜையிலிருந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். எழுதுவதற்கு முன்னால் போதகரைத் திரும்பிப் பார்த்தார்.

"அது போகட்டும் ஐயா. நான் எழுதறதை விட்டா உங்க ஊழியத்துக்குத்தானே பெருமை. எழுதுங்கன்னு சொல்ல எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க?"

போதகர் ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார். "உங்க நாவல் ஒண்ணுல கொலையை மட்டும் எடுத்துட்டா எனக்கு நாலு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் ஓடும்மா. நீங்க நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"