டாக்டர் சீட்டு

“பெட்டிக்குள்ள ஏதோ இரும்பு தெரியுதும்மா” என்றார் விமான நிலையக் காவலர்.

அவள் டாக்டர் சீட்டை நீட்டினாள். “இடுப்பு மூட்டு மாத்தி ஒரு மாசம்தான் ஆகுது. செக்கிங்ல கத்தினா இதைக் காட்டச் சொன்னார். சுமை தூக்கவே கூடாதுன்னும் சொன்னார்.”

“நீங்க வர்றப்போ மெஷின் கத்தலையே?”

“ஆபரேஷன் என் வீட்டுக்காரருக்கு.”

“அவர் எங்கே?”

“ஊருக்குப் போற அவசரம். சொல்லச் சொல்லக் கேக்காம, இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கினார்.”

காவலர் பெட்டியைத் திறந்தார். புடவைகளுக்கு நடுவே, துணியால் வாய் கட்டிய ஒரு கலயம்.

“சாம்பலோட சேர்த்துக் கொடுத்துட்டாங்க” என்றாள். “அந்த மூட்டு இருபது வருஷம் உழைக்கும்னு டாக்டர் சொன்னார். அது மட்டும்தான் வேகலை.”