சிவப்பில் வரும் வரி

நான்காவது முறையாக அழித்தாள்.

'சாதனம் தொடர்பற்ற நிலையில் உள்ளது.'

போன மாதம் அவளே எழுதிய வரிதான். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

கடலுக்குப் போன படகு எங்கே நிற்கிறது என்று வீட்டார் கைபேசியில் பார்க்கும் செயலிக்கு வாசகம் எழுதுவது அவள் வேலை. படகிலிருக்கும் கருவி பேசாமல் போனால் இந்த வரி சிவப்பில் வரும்.

போன வாரம் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஆறு பெண்கள் கரைக்கு ஓடி, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் ஆறு படகும் மீன் நிறைந்து வந்து நின்றன.

சென்னையில் இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஆறு பேரில் ஒருத்தியான சகாயமேரியைப் போனில் பிடித்தாள்.

"மீன்பாடு கண்டா அவுகளே அணச்சிருவாகம்மா. இல்லன்னா மத்த போட்டுக்காரவுக பூரா பின்னாலயே வந்துருவாக. ஒங்க மிசினுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது."

இவளுக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

எழுந்தாள். உட்கார்ந்தாள். தட்டினாள்.

'படகில் கருவியை அணைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்.'

போனிலேயே வாசித்துக் காட்டினாள்.

"வயித்துல பால வார்த்தீக. இப்பக்கூட எங்க வீட்டுக்காரரு போட்டு செவப்பாத்தான் காட்டுது. நான் பாட்டுக்குக் கொழம்பு வச்சிக்கிட்டிருக்கேன்."

சிரிப்பும், சட்டியில் கரண்டி இடிக்கும் சத்தமும் கேட்டன.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. படகு எண்ணைக் கேட்டு வாங்கி, அலுவலகத் திரையில் அதன் பதிவைத் திறந்தாள்.

கையால் அணைத்தால், அணைக்கப்போகிறேன் என்று கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் கருவி அணையும். போன வாரத்து ஆறு படகுக்கும் அந்தத் தகவல் இருந்தது.

இதற்கு இல்லை.

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம் வரை இடம் காட்டியிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

பதிவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"இந்த வரியவே போட்டுருங்கம்மா," என்றாள் சகாயமேரி. "எங்க தெருவுல எல்லாரும் நிம்மதியா இருப்பாக."

'பயப்பட வேண்டாம்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

மேசைத் தொலைபேசியை இழுத்து, கடலோரக் காவல்படையின் அவசர எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா," என்றாள் கைபேசியில். "அடுப்ப நிறுத்திட்டு, பக்கத்து வீட்டுல யாராவது இருந்தா கூப்பிடுங்க."