சுவர் தாண்டிய நீல ஒயர்

"சார், இந்த ஒயர் மட்டும் சுவத்துக்கு அந்தாண்ட போகுது."

கல்லாவில் இருந்த கிருஷ்ணசாமி எட்டிப் பார்த்தார். அஸ்வினி ஏணியில் நின்றபடி ஒரு நீல ஒயரை இழுத்துக் காட்டினாள். கடைகளிலும் ஆபீஸ்களிலும் கன்னாபின்னாவென்று கிடக்கும் நெட் ஒயர்களைப் பிரித்து, வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டித் தருவது அவள் தொழில். விழுப்புரத்திலிருந்து வந்து, திண்டிவனத்தில் கிருஷ்ணசாமியின் மோட்டார், பைப் கடையில் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"அந்தாண்ட யாரு சார்?"

கிருஷ்ணசாமியின் முகம் மாறிவிட்டது. அந்தாண்ட இருப்பது மாசிலாமணியின் பெயின்ட் கடை.

இருவருக்கும் பேச்சு கிடையாது. உன் கடைக்கு வர்ற வண்டி என் வாசலை அடைக்குது என்று ஆரம்பித்த சண்டை. அதற்குப் பிறகு ஆயுத பூஜைப் பொரிகூட இங்கிருந்து அங்கே போவதில்லை.

"அப்படிப் போடு! நம்ம நெட்டை ஓசியில உறிஞ்சிக்கினு இருக்கான் பாரு அந்தாளு. இவன்தான் நமக்கு நியாயம் பேசுனான்!"

பில் போடும் மலர்விழி எழுந்தாள். "சார், அது வந்து..."

"நீ உக்காரும்மா. கஸ்டமர் நிக்கறாரு, பில்லைப் போடு."

கஸ்டமர் ஒலக்கூர்க்காரர். மோட்டார் வாங்க வந்தவர், அதை மறந்து வேடிக்கையில் இறங்கிவிட்டார். "சங்கத்துல சொல்லுங்க முதலாளி" என்று எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒருத்தர் எல்லாச் சண்டைக்கும் எப்படியோ கிடைத்துவிடுகிறார்.

"சொல்லாம விடுவனா? சாயங்காலமே வணிகர் சங்கத்துல வெச்சு நாறடிக்கிறேன். அப்புறம் இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிந்து நடக்கறான்னு பார்க்கறேன்."

"அவசரப்படாதீங்க சார்" என்றாள் அஸ்வினி. "ஒயரைப் பார்த்தா யாரு குடுக்கறாங்க, யாரு வாங்கறாங்கன்னு தெரியாது. டெஸ்ட் பண்ணிச் சொல்றேன். உங்க மோடத்துல வேற சிவப்பு லைட்டு எரியுது..."

"மோடம் கெடக்குது. கட்டிங் பிளையரைக் குடு."

"சார், ஆபரேஷன் பண்ண உடம்பு. ஏறாதீங்க" என்று மலர்விழி பதறப் பதற, ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஒரே வெட்டு.

"இப்ப அங்க கத்துவான் பாரு" என்று சுவரில் காதை வைத்தார்.

கத்தியது ஒலக்கூர்க்காரர்தான்.

"இன்னா முதலாளி, என் பில்லு பாதியில நின்னுபோச்சு?"

கடையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் வேலை அப்படியே நின்றுவிட்டது.

"நெட் போயிடுச்சு சார்" என்றாள் மலர்விழி. இந்தத் தடவை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்தப்ப, கால்வா தோண்ட வந்த ஜேசிபி நம்ம லைனை அறுத்துடுச்சு சார். நாளைக்கு வர்றோம், நாளைக்கு வர்றோம்னு கம்பெனிக்காரங்க இழுத்துக்கினே இருக்காங்க. பில்லு போட முடியாம ஒரே பேஜாரு. வந்தவங்க எல்லாம் திரும்பிப் போய்க்கினு இருந்தாங்க. பக்கத்துக் கடைக்காரர்தான் பார்த்துட்டு, ஆளு ஆஸ்பத்திரியில இருக்கறப்ப யாவாரம் கெடக்கூடாதுன்னு, அவர் கடையிலேர்ந்து லைன் இழுத்துக் குடுத்தாரு. உங்க முதலாளிகிட்ட மூச்சு விடாதம்மா, தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுருவாருன்னு சொன்னாரு."

கையிலிருந்த பிளையரை எங்கே வைப்பதென்று கிருஷ்ணசாமிக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலில் செருப்புச் சத்தம். மாசிலாமணி! கையில் புது ஒயர் சுருள். கிருஷ்ணசாமி பக்கம் திரும்பாமல், படியில் நின்றபடியே மலர்விழியைக் கூப்பிட்டார்.

"யம்மா, உங்க லைன் கட்டாயிடுச்சா? எங்க நெட் பெட்டியில உங்க லைட்டு அணைஞ்சுபோச்சு. எலி கடிச்சிருக்கும். இந்தா, ஜல்தியா மாத்திக்கச் சொல்லு. கஸ்டமர் நிக்கறாங்க பாரு."

"எலிதாங்க" என்றார் கிருஷ்ணசாமி, ஸ்டூலிலிருந்து இறங்கியபடி. "கொஞ்சம் பெரிய எலி. உள்ள வாங்க, டீ சாப்பிடலாம்."

மாசிலாமணி பிளையரைப் பார்த்தார். நீல ஒயரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறினார்.

லைன் மாற்றியதும் ஒலக்கூர்க்காரரின் பில் வந்தது. புது ஒயரை வரிசையில் சேர்த்துக் கட்டிய அஸ்வினி, ஸ்டிக்கரும் பேனாவுமாகத் திரும்பினாள். பில்லிங், கேமரா, குடோன் என்று மற்றதற்கெல்லாம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.

"சார், லைன் எங்கேர்ந்து வருதுன்னு இதுல எழுதணும். என்ன பேர் போடட்டும்?"

கிருஷ்ணசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாசிலாமணி அண்ணன் கடைன்னு எழுதும்மா. பெரிய எழுத்துல."